மருத்துவமனைக் கடைநிலை ஊழியர்கள் ஏன் நிற்பதில்லை? நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள்?

நொய்யல்கரை

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். டாக்டர், நர்ஸ் பற்றிய கேள்வி இல்லை இது. ஹவுஸ்கீப்பிங், வார்டு ஆயா, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், லாண்டரி, டயட் கிச்சன், செக்யூரிட்டி, இவர்களைப் பற்றியது. எடுக்கிற ஆட்களில் பலர் இரண்டாவது சம்பளம் வாங்குவதற்குள் போய்விடுகிறார்கள். மில்லுக்குப் போகிறார்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். கூட 500 ரூபாய் கிடைத்தால் போதும். மேலே இருப்பவர்கள் "இவங்களுக்கு நிறுவனத்து மேல பிடிப்பே இல்ல" என்கிறார்கள். மாதா மாதம் சிறந்த ஊழியர் விருது, நோட்டீஸ் போர்டில் போட்டோ, ஆண்டு விழாவில் பொன்னாடை என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஒரே சீருடை, ஒரே ஏஜென்சி. ஆனால் டயாலிசிஸ் பிரிவில் இருக்கும் அக்காக்கள் வருஷக்கணக்காக நகரவே இல்லை. ஓபி பக்கம் ஆள் நிற்பதே இல்லை. வேலை கடினம் என்று பார்த்தால் டயாலிசிஸ்தான் கடினம். பிறகு ஏன்? இந்த வேலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள், கிட்ட இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூவம்தோழன்

முதலில் ஒரு கேள்வி, சார். அந்த அக்காவின் முதலாளி யார்? அடையாள அட்டையில் யார் பெயர் இருக்கிறது? உங்கள் மருத்துவமனை பெயரா, ஏஜென்சி பெயரா? வேலை வாங்குவது நீங்கள், சம்பளம் போடுவது வேறொருவர், லீவு கேட்டால் சூப்பர்வைசர், அடிபட்டால் யாரும் இல்லை. இதில் யார் மீது பிடிப்பு வர வேண்டும்?

சங்க வேலையாகப் பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் துப்புரவு, காவல் வேலைகள் டெண்டரில்தான் போகின்றன. டெண்டர் முடிந்து புது கம்பெனி வரும்போது என்ன நடக்கிறது என்று வந்து பாருங்கள். அதே பெண், அதே வார்டு, அதே துடைப்பம். சீருடையின் நிறம் மட்டும் மாறும். புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க, 1972 சட்டப்படியும் சரி, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டத் தொகுப்பின்படியும் சரி, பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கம்பெனி மாறுகிறபோதெல்லாம் கணக்கைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால் அந்தப் பெண்ணுக்கு ஐந்து வருடம் எப்போது நிறையும்? பதினைந்து வருடம் ஒரே வார்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு ஒரு ரூபாய் பணிக்கொடை இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் விசுவாசம் இல்லை என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் வாயில்லை.

---

எம்எச்ஏ மாணவி

நான் மருத்துவமனை நிர்வாகம் படித்துக்கொண்டிருக்கிறேன், இதே தலைப்பைத்தான் ப்ராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். ஊழியருக்கு நிறுவனத்தின் மீது வரும் பிடிப்பைப் பற்றி மேயர், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் முன்வைத்த பகுப்பு இன்றைக்கும் பயன்படுகிறது. ஒருவர் ஒரு இடத்தில் மனம் ஒட்டிப்போய் இருக்கலாம். விட்டால் நஷ்டம் என்பதற்காக இருக்கலாம். விட்டுப் போவது முறையில்லை என்ற நன்றியுணர்வால் இருக்கலாம். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும், ஆள் டூட்டிக்கு வந்துவிடுகிறார் இல்லையா? ஆனால் வேலை நன்றாக நடப்பதற்கும் லீவு குறைவதற்கும் முதல் வகைதான் அதிகம் துணை செய்கிறது, இரண்டாவது வகை ஆளைக் கட்டி வைக்குமே தவிர வேலையை உயர்த்தாது என்றுதான் பிற்காலத்து ஆய்வுகள் சொல்கின்றன.

உங்கள் டயாலிசிஸ் விஷயத்துக்கு நேராக வரும் ஒன்று. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்கள் 28 பேரிடம் பேசி, ரெஸ்னெஸ்கி, டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலை ஒன்றேதான். ஒரு சாரார் சொன்னதைச் செய்துவிட்டு யாரிடமும் பேசாமல் போகிறவர்கள். இன்னொரு சாரார் நோயாளியிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேசுவார்கள், நர்ஸ்களின் வேலை ஓட்டத்தைப் பார்த்துத் தங்கள் வேலையை அமைத்துக்கொள்வார்கள், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக நினைத்தார்கள். டயாலிசிஸுக்கு ஒரே நோயாளி வாரம் இரண்டு மூன்று முறை வருவார், அதுவும் வருடக்கணக்கில். முகம் தெரியும், வீடு தெரியும், மகள் கல்யாணம் தெரியும். ஓபியில் அது இல்லை. அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

---

கூவம்தோழன்

தங்கச்சி, ஆய்வு சரியாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு "அவங்களுக்கு வேலையில அர்த்தம் கிடைக்குது, சம்பளம் அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு நிர்வாகி சொன்னால் அது அநியாயம். நோயாளி மீது இருக்கும் அன்பைக் காட்டி அந்தப் பெண்ணைக் குறைந்த கூலிக்கு வைத்திருப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது.

---

எம்எச்ஏ மாணவி

ஒத்துக்கொள்கிறேன் தோழர். நான் பேசின பணியாளர்கள் எல்லாரும் முதலில் சொன்னது சம்பளத் தேதிதான். எவ்வளவு என்பதைவிட என்றைக்கு என்பது. 5-ஆம் தேதி வரும் என்று சீட்டுக்குப் பணம் கட்ட ஒத்துக்கொண்டவருக்கு 17-ஆம் தேதி சம்பளம் வந்தால் என்ன ஆகும்?

---

வைகை சிஸ்டர்

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். அரசு மருத்துவமனைகளில்தான் முழு சர்வீஸும், கடைசியில் பிரசவ வார்டு இன்சார்ஜ். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, இங்கே வருகிறவர்களில் என்னோடு வேலை பார்த்தவர்களும் இருக்கலாம்.

எங்கள் வார்டில் ஒரு ஆயா இருந்தார். காண்டிராக்ட்தான். பிரசவம் முடிந்ததும் நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் கட்டி எடுத்துப் போவார், ரத்தம் பட்ட துணியைத் தனியாகப் பிரிப்பார், தரையில் ஹைப்போ என்ற கிருமிநாசினிக் கரைசல் ஊற்றி அது ஊற வேண்டிய நேரம் வரை யாரையும் மிதிக்க விடமாட்டார், அது டாக்டராக இருந்தாலும் சரி. இதெல்லாம் அவருடைய வேலை. வேலையில் சேராத ஒன்றும் இருந்தது. வலியில் கத்துகிற சின்னப் பெண்களின் இடுப்பில் கை வைத்து அழுத்தி விடுவார். எங்களுக்கு அதற்கு நேரம் இருக்காது, ஒரே நேரத்தில் மூன்று பேர் டேபிளில் இருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு கூடுகிறது என்பதை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துக் கூப்பிட்டதும் அவர்தான். விரிப்பு நனைகிற வேகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பெனி மாறியபோது சம்பளம் நின்றுபோனது. பாதிப் பேர் வரவில்லை. இவர் வந்தார். கேட்டால், "நான் வரலைன்னா இந்தப் புள்ளைங்கள யாரு பார்ப்பா சிஸ்டர்" என்றார். இதைக் கம்பெனி மீது விசுவாசம் என்று சொல்ல முடியுமா? கம்பெனி மேனேஜர் யார் என்றே அவருக்குத் தெரியாது. வார்டின் மீது இருந்தது அது.

அவர் எப்போது உடைந்தார் என்றும் சொல்லிவிடுகிறேன், இந்த இழைக்கு அதுதான் முக்கியம் என்று படுகிறது. யாரோ ஒரு பயிற்சி டாக்டர் ஊசியை வெள்ளைப் பெட்டியில் போடாமல் சிவப்புப் பையில் போட்டுவிட்டார். பையைக் கட்டும்போது இவர் உள்ளங்கையில் ஏறிவிட்டது. எந்த நோயாளியின் ஊசி என்று தெரியாது. இவர் சூப்பர்வைசரிடம் போனால் "சோப்பு போட்டுக் கழுவு, கம்பெனிக்குத் தெரிஞ்சா உன்னத்தான் கேப்பாங்க" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரி ஆபீசில் "நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, கம்பெனி மூலமா லெட்டர் கொண்டு வாங்க" என்றார்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. லெட்டருக்கு எங்கே போவது? நான் கையைப் பிடித்து எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்துக்குக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் விசாரித்தால் அவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே போடவில்லை. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் கழிவைக் கையாளுகிற எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசி போட வேண்டும், வருடா வருடம் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கெல்லாம் போட்டிருந்தார்கள். பையைக் கட்டுகிற அவருக்குப் போடவில்லை.

நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அதே ஆளாக இல்லை. வேலைக்கு வந்தார், வேலையை முடித்தார், போனார். "நான் ஒங்க ஸ்டாஃப் இல்லைல்ல சிஸ்டர்" என்று ஒருநாள் அமைதியாகச் சொன்னார். சம்பளம் நின்றபோதுகூட விடாதவர், அந்த ஒரு வார்த்தையில் விட்டுவிட்டார்.

---

நொய்யல்கரை

சிஸ்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் இடத்தில் ஏஜென்சி ஆட்களுக்குத் தடுப்பூசிப் பதிவேடு இருக்கிறதா என்று நாளைக் காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

---

காவிரிப்பாலம்

நான் திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். நீங்கள் எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் சொல்கிறேன்.

நொய்யல்கரை சார் கேட்டதற்கு நேரடி பதில். 500 ரூபாய்க்காக யாரும் போவதில்லை. போகிற முடிவு முன்னாலேயே எடுத்தாகிவிடும், 500 ரூபாய் வீட்டில் சொல்வதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான். என்னோடு சேர்ந்தவர்கள் எதனால் போனார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவர் டபுள் டூட்டியால் போனார். மாற்று ஆள் வரவில்லை என்றால் 12 மணி நேரம் முடித்தவரையே மறுபடி நிற்க வைப்பார்கள், ஓவர்டைம் பணம் சூப்பர்வைசர் மனசைப் பொறுத்தது. ஒரு அக்கா பஸ்ஸால் போனார். ஷிப்ட் இரவு ஒன்பதுக்கு முடியும், அவர் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எட்டே முக்கால். அரை மணி நேரம் ஷிப்டை முன்னால் மாற்றிக் கேட்டார், "ஒருத்தருக்காக மாத்த முடியாது" என்றார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, அதனால் இப்போது அவர்களால் கொஞ்சம் தள்ளியும் போய் வேலை தேட முடிகிறது. தேடிக்கொண்டார். இன்னொரு பையன் சாப்பாட்டால் போனான். உண்மையாகவே சாப்பாடுதான். எங்களுக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, லாண்டரிக்குப் பின்னால் அழுக்குத் துணி மூட்டைக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும். கேன்டீனில் உட்கார்ந்தால் விசிட்டர் பார்க்கிறார்கள் என்று எழுப்பிவிடுவார்கள். அவன் அதை ஒருநாள் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டான். நான் அவனைத் தப்பு சொல்லமாட்டேன்.

நான் ஏன் நிற்கிறேன்? என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தபோது இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எலும்பு டாக்டர் தன் கட்டணத்தை வாங்கவில்லை, மீதியைச் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவரே ஆபீசில் பேசினார். ரவுண்ட்ஸ் வரும்போது "அம்மா நடக்குறாங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தங்கச்சி சொன்ன மூன்றாவது வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் இங்கே நிற்பேனா என்று கேட்டால், தெரியாது.

---

தாமிரபரணி

எல்லாம் சரி, ஒரு பக்கம் மட்டுமே பேசுகிறீர்கள். என் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது ஆம்பளைப் பிள்ளை என்று சொல்லவே காசு கேட்டார்கள். வீல்சேர் தள்ளக் காசு, துணி மாற்றக் காசு. எங்களை மாதிரி ஏழைப்பட்டவர்களிடம் இப்படிப் பிடுங்குகிறவர்களுக்குப் பிடிப்பு, பாசம் என்றெல்லாம் பேசுவது எனக்கு ஏறவில்லை.

---

காவிரிப்பாலம்

அண்ணே, உங்களிடம் கேட்டது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் அதன் உள்பக்கம் ஒன்று சொல்கிறேன். நான் முதலில் காண்டிராக்டில் இருந்த இடத்தில், நல்ல வார்டுக்கு டூட்டி வேண்டும் என்றால் சூப்பர்வைசருக்கு மாசம் பணம் தர வேண்டும். பிரசவ வார்டுக்கு ஒரு விலை, ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு விலை. "அங்க போனா காசு பார்க்கலாம்ல, அதுக்குத்தான்" என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். சம்பளத்தைக் குறைத்து வைத்துவிட்டு, மீதியை நோயாளியிடம் வாங்கிக்கொள் என்று விட்டிருக்கிறார்கள். நான் அங்கிருந்து விலகியதே அதனால்தான். கை நீட்டி நிற்கிறபோது நோயாளியின் சொந்தக்காரர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் அந்த இடத்தின் மீது எப்படி அண்ணே பாசம் வரும்?

---

தாமிரபரணி

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை தம்பி. கேட்டவர் மீது கோபம் இன்னும் இருக்கிறது. மேலே வாங்கியவன் மீதும் வருகிறது இப்போது.

---

பேரேடு

தனியார் மருத்துவமனைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். நொய்யல்கரை உங்கள் நிர்வாகத்திடம் பேச ஒரு கணக்கைத் தருகிறேன், இதை யாரும் மேஜையில் வைப்பதில்லை.

ஒரு ஊழியருக்குச் சம்பளம் 100 ரூபாய் என்று வையுங்கள். முழுச் சம்பளத்துக்கும் பிஎப் கட்டினால் முதலாளி பங்கு, நிர்வாகச் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 13 ரூபாய். இஎஸ்ஐ முதலாளி பங்கு 3.25. ஆக 116.25. ஏஜென்சி இதன் மேல் தன் சேவைக் கட்டணத்தைப் போடும், 8 சதவீதம் என்று வைத்தால் 125.55. இந்த மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில் 148 ரூபாய் வருகிறது. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் மருத்துவமனை கட்டிய இந்த வரியை வேறு வரியில் கழித்துத் திரும்ப எடுக்க முடியாது, அது செத்த பணம். அதாவது 100 ரூபாய் சம்பளக்காரருக்காக ஏறக்குறைய 32 ரூபாய் ஏஜென்சிக்கும் வரிக்கும் போகிறது. போனஸும் பணிக்கொடையும் சேர்த்து நேரடியாக எடுத்தாலும் அந்த 32-ல் ஒரு பகுதிதான் செலவாகும். மீதியில் பாதியைச் சம்பளத்தில் போட்டாலே உங்கள் ஆட்கள் பனியன் கம்பெனிப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

பிறகு ஏன் ஏஜென்சி? ஆள் பிரச்சினை, சங்கப் பிரச்சினை, கேஸ் எதுவும் தங்கள் தலையில் விழக் கூடாது என்பதற்குத்தான். பணம் மிச்சமாகிறது என்று என்னிடம் யாராவது சொன்னால் பில்லைக் காட்டச் சொல்வேன்.

---

கூவம்தோழன்

தலையில் விழாது என்று நினைப்பதும் சட்டப்படி தப்பு. காண்டிராக்டர் கூலி தரவில்லை என்றால் முதன்மை முதலாளி, அதாவது வேலை வாங்குகிற நிறுவனம், தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. கேன்டீன், ஓய்வறை, குடிநீர் போன்ற வசதிகளைச் செய்து தருவதும் அதில் முதன்மை முதலாளி தலையில்தான். காவிரிப்பாலம் தம்பி துணி மூட்டைப் பக்கத்தில் சாப்பிடுவது அந்த ஆஸ்பத்திரியின் பிரச்சினைதான், ஏஜென்சியைக் கைகாட்ட முடியாது.

---

தல்லாகுளம்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை யாரும் சொல்லவில்லையே. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வருகிற பெண்கள். எடுத்ததும் இரண்டு வருடம் உதவித்தொகையோடு பயிற்சி. கண் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர் உதவி, நோயாளிக்கு எடுத்துச் சொல்வது என்று ஒரு திறமை கையில் வருகிறது. அனுபவம் ஏற ஏற மேற்பார்வைப் பொறுப்புக்கும் வரலாம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண் அங்கே இருந்தாள். கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டாள், பலரும் அப்படி விடுகிறார்கள். ஆனால் இருந்தவரை "எங்க ஆஸ்பத்திரி" என்றுதான் பேசுவாள். கட்டுப்பாடு ஜாஸ்தி, வேலையும் ஜாஸ்தி, அதையும் சொல்வாள். நாலு பேர் மதிக்கிற வேலை ஒன்று தெரியும் என்பதுதான் அவளைப் பிடித்து வைத்தது. வார்டு ஆயாவாகச் சேருகிறவருக்கு இருபது வருடம் கழித்தும் வார்டு ஆயாதான் என்றால் ஆறாவது மாதத்தில் போவதும் பதினாறாவது வருடத்தில் போவதும் ஒன்றுதானே?

---

நொய்யல்கரை

தல்லாகுளம் அண்ணா, இது எங்களால் செய்ய முடிந்த ஒன்று. ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு டயாலிசிஸ் உதவியாளர், கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவு என்று வழி திறந்துவிடலாம். பேரேடு சார் கணக்கை எங்கள் பில்லோடு வைத்துப் பார்த்தேன், சேவைக் கட்டணம் இன்னும் கூட. விருது, பொன்னாடைத் திட்டத்தை எழுதித் தரப் போவதில்லை. அதற்குப் பதிலாக சம்பளத் தேதி, ஷிப்ட் முடியும் நேரம், சாப்பிட இடம், தடுப்பூசி இந்த நாலையும் எழுதி, அடியில் கணக்கையும் வைக்கிறேன். நேரடி நியமனத்துக்கு ஒத்துக்கொள்வார்களா என்று சொல்ல முடியாது. தடுப்பூசியை விடமாட்டேன். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன், ஏஜென்சி ஆட்களின் பெயரே அதில் இல்லை.

---

வைகை சிஸ்டர்

தம்பி, மூன்று டோஸ். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். நடுவில் ஆள் ஏஜென்சி மாறினாலும் அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊசி குத்தினால் யாரைக் கேட்காமல் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு வார்டு சுவரிலும் தமிழில் ஒட்டுங்கள், லெட்டர் கேட்கக் கூடாது என்று கேஷுவாலிட்டிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

---

காவிரிப்பாலம்

தோழர், ஒரு சந்தேகம். என் தங்கச்சி அரசு ஆஸ்பத்திரியில் காண்டிராக்டில் இருக்கிறாள். கம்பெனி மாறப் போகிறதாம், புதுசா விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பழைய சர்வீஸ் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

---

கூவம்தோழன்

பழைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், வார்டு டூட்டி லிஸ்டில் பெயர் இருக்கிற போட்டோ எல்லாம் வேண்டும். இஎஸ்ஐ எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், புது கம்பெனி புதிதாக எண் போட வந்தால் விடக் கூடாது, பழைய எண்ணையே சேர்க்கச் சொல்ல வேண்டும். பிஎப் யூஏஎன் எண்ணும் அப்படியே. எந்தெந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் என்பது அதில் வரிசையாக வந்துவிடும், நாளைக்குப் பணிக்கொடை கேட்டு வழக்குப் போட்டால் அதுதான் ஆதாரம். பிஎப் பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். முக்கியமாக, "என் கணக்கு முழுதும் முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டுவார்கள். படித்துக் காட்டச் சொல்லாமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. தங்கச்சியோடு இருக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லச் சொல்லுங்கள், ஒருவர் மட்டும் மறுத்தால் அவரைத் தனியாக எடுத்துவிடுவார்கள்.